சப்பாத்து எண்டா சிவப்பு

— முதலில இருந்து சொல்லுங்க அங்கிள். நேற்றுப் பின்னேரம் ஏழரைக்குப் படலையில ஆள். நீங்க நான் பூட்டித் தந்த ரிமோட்டில சிவப்புப் பட்டனை அமத்தினீங்க.

— அமத்தினன்.

— ரீவி அரசாங்கச் செய்திக்கு மாறியிரிக்க வேணும்.

— மாறல்ல தம்பி. விசயம் என்னெண்டா, ஒண்டுமே நடக்கல்ல. இயக்கப் பொடியனுகட சனலில செய்தி வாசிக்கிறவள் அவள்ட பாட்டில வாசிச்சிக்கிட்டு இருந்தாள்.

— எத்தின தரம் அமத்தினீங்க?

— மனே, அதை அவரிட்டக் கேக்காத, என்னைக் கேளு. முப்பது வருசம் தபால் கந்தோரில தந்தி அடிச்ச விரல் அது. கடகடவெண்டு அடிச்சாரு. சிவப்பு, பச்சை, மஞ்சள், சத்தம் கூட்டுற, சத்தம் குறைக்கிற, ஒண்டையும் மிச்சம் விடல்ல. கொழும்புக்குத் தந்தி போய்ச் சேந்திரிக்கும். ரீவிக்குத்தான் போகல்ல.

— மார்கிறட், நீ குசினிக்குப் போ.

— குசினியில ரீவி இல்ல டொமினிக்.

— மறுகா என்ன நடந்த அன்ரி?

— மறுகா நான்தான் ஒழும்பினன். மேசைச் சீலையை உருவி ரீவிக்கு மேல போட்டு, மூலையில நிண்ட மாதா சுரூபத்தைத் தூக்கி அதுக்கு மேல வெச்சி, முன்னால முழங்காலில நிண்டன். செபமாலை தேட நேரமில்ல. நாய்ச் சங்கிலி கிடந்த. அதை உருட்டினன்.

— படம் மறைஞ்சிரும். சத்தம்?

— அதுதானே மனே. மாதாவுக்குக் கீழ இருந்துக்கிட்டு அவள் எத்தின பேர் செத்த எண்டு வாசிக்கிறாள். சந்தி ஆமிச் சென்றியில நிக்கிற ரெண்டு பேர் வாசலுக்கு வந்திட்டானுகள். இவரு என்ன செய்தாரு? சத்தத்தை அமுக்கப் பாட்டுப் பாடினாரு. கோயில் பக்கம் போய்ப் பதினொரு வருசம். தெரிஞ்சது ஒரு வரி. அதையே நாப்பது தரம் பாடினாரு.

— நாப்பது இல்ல தம்பி.

— நான் எண்ணினன். செபமாலை எண்டு நினைச்சி அதைத்தான் எண்ணினன்.

— அவனுகள் உள்ளுக்கு வரல்லையா?

— வந்தானுகள். ஒருத்தன் தொப்பியைக் கழட்டிட்டு எனக்குப் பக்கத்தில முழங்காலில நிண்டிட்டான். நீர்கொழும்புப் பக்கத்து வேதக்காரப் பொடியன்போல. நாய்ச் சங்கிலியைப் பாத்தான், ஒண்டும் கேக்கல்ல. மற்றவன் தண்ணி குடிச்சான். போயிட்டானுகள்.

— தமிழ் தெரியாதவனுகளா?

— அவனுகளுக்குத் தெரிஞ்ச தமிழ் நாலஞ்சி சொல்தான் தம்பி. அந்த நாலஞ்சும் அவள் வாசிக்கிற செய்தியிலதான் வாற.

— என்ன மனே, இவ்வளவு சொல்லுறன், நீ சிரிக்கவே மாட்டியா?

— சிரிச்சிட்டன் அன்ரி.

— எப்ப?

— உள்ளுக்குள்ள. ரிமோட்டைத் தாங்க.

— சிரிக்கிற கதை இல்ல மார்கிறட் இது. மூணாம் வீட்டு நல்லரத்தினம் மாஸ்டர் சித்திரை மாசம் போன ஆள். அவரிட்ட ரீவியும் இல்ல, ரேடியோதான். அதுக்கே கொண்டு போனானுகள். அவர்ட மனிசி இண்டைக்கும் அவருக்கும் சேத்துத்தான் சோறு வடிக்கிறா.

— தெரியும் அங்கிள். அந்த ரேடியோ திருத்தினது நான்தான்.

— அதுதான் சொல்லுறன். இந்தப் பட்டன் வேலை செய்யாட்டி அடுத்தது நான். நீ ஞாயித்துக்கிழமை வந்து பூட்டின. செவ்வாய்க்கிழமை பிழைச்சி. திருத்தின. நேற்று திரும்பவும் பிழைச்சி. நீ நிக்கக்குள்ள நல்லா வேலை செய்யிது, நீ படலையைத் தாண்டினா செத்துப் போகுது. டாக்குத்தரைக் கண்டா மாறுற வருத்தம் மாதிரி.

— செவ்வாய்க்கிழமை பிழைச்சது வேற. ரீவியில ஏவி எண்டு ஒரு பட்டன்தான் இரிக்கி. அமத்த அமத்தச் சுத்தி வரும். அன்டெனா, அடுத்தது டிஷ், அடுத்தது சீடி, திரும்ப அன்டெனா. டிஷ்ஷில நிக்கிற ரீவிக்கு ரெண்டு தரம் அமத்தினா அன்டெனா, அரசாங்கச் செய்தி. ரிமோட்டுக்கு அப்பிடித்தான் சொல்லிக் குடுத்திருந்தன். அங்கிள் பதட்டத்தில சிவப்பை ரெண்டு தரம் அமத்திட்டார்.

— தந்தி விரல்.

— ரெண்டும் ரெண்டும் நாலு. சீடியில போய் நிண்டிட்டு.

— ஓம், நிண்ட. சுவிஸில எங்கட பேத்தி நேசறிக் கலைவிழாவில முயல் வேசம் கட்டி ஆடின சீடி. வாசலில காலடிச் சத்தம், ரீவியில முயல், கதிரையில இவரு கையைத் தூக்கிக்கிட்டு இரிக்கிறாரு. வந்தது பாண்காரன்.

— அதைத் திருத்திட்டன் அன்ரி. இப்ப எண்ணுறதில்ல. சிவப்பை அமத்தினா முதலில ஒண்டாம் நம்பர் போகும். ஒண்டு போனா, ரீவி எங்க நிண்டாலும் அன்டெனாவுக்கு வந்திரும். நூறு தரம் அமத்தினாலும் அங்கதான் நிக்கும். பின்னால டிஷ் பெட்டியும் இந்தியப் பாட்டுச் சனலுக்குப் போயிரும், அவனுகள் திருப்பிப் பாத்தாலும் பாட்டுத்தான்.

— எங்க நிண்டாலும் வீட்டுக்கு வாற பட்டன். நல்லது. இவருக்கும் ஒண்டு பூட்டிவிடு.

— இப்ப சிவப்பை அமத்துங்க அங்கிள். ஒரே ஒரு தரம்.

— அமத்தினன்.

— ஒண்டும் இல்ல. பச்சை?

— ஒண்டும் இல்ல.

— மஞ்சள்.

— முயலும் வரல்ல.

— லைட் பத்துது. ஆனா சொல்லிக் குடுத்த எல்லாத்தையும் மறந்திட்டு.

— சுவிஸ் சாமான் மறக்குமா தம்பி? மகன் யாக்கோப்பு தேடித் தேடி வாங்கி அனுப்பினது. மற்ற ரிமோட்டுகளிட்ட இருந்து படிக்கிற ரிமோட் எண்டு கடுதாசியில எழுதியிருந்தான்.

— யாக்கோப்பும் சுவிஸ் சாமான்தான். நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் ஞாபகம் வரும்.

— திரும்பச் சொல்லிக் குடுக்கிறன். டிஷ்ஷிட ரிமோட்டைத் தாங்க. ரெண்டையும் மேசையில முகத்துக்கு முகம் பாக்க வைக்க வேணும். நான் சொல்லக்குள்ள அன்ரி அதை அமத்துங்க.

— பொண்ணு மாப்பிள்ள பாக்க வெச்ச மாதிரி இரிக்கி. நீ கலியாணம் முடிச்சயா மனே?

— முடிச்சன். இப்ப அமத்துங்க.

— அமத்திட்டன். மனிசி எங்க?

— இல்ல அன்ரி.

— சவூதிக்கா? இப்ப எல்லாப் பொம்புளயளும் அங்கதான். முதல் ரெண்டு மாசம் கடுதாசி வரும், மறுகா கடுதாசியும் நிண்டிரும். உன்னைக் கண்டவுடனேயே நினைச்சன், இது போட்டுட்டுப் போன முகம் எண்டு.

— திரும்ப அமத்துங்க.

— மார்கிறட், பொடியன்ட வேலையைக் குழப்பாத.

— நான் என்ன குழப்புற? கதைக்கிறன். பேர் அழகரத்தினம், ஆளும் பரவாயில்ல, ரெக்னிக்கல் கொலிஜில படிச்சிரிக்கி. என்ன பிரயோசனம்? கேட்டா ஒரு சொல், கேக்காட்டி அதுவும் இல்ல. எந்தப் பொம்புள இருப்பாள்?

— ரிமோட்டை ஆட்டாமப் பிடிங்க அன்ரி. ஆடினா பிழையாப் படிக்கும்.

— இந்தா, பிடிச்சிட்டன்.

— அங்கிள், படலையில இருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம்?

— ஒன்பது செக்கன். எண்ணி வெச்சிரிக்கன். சப்பாத்துக் காலுக்கு எட்டரை.

— சிவப்புக்கு நாலு செக்கன் போகும். பழைய ரீவி. ஒண்டுக்கும் ஒண்டுக்கும் இடையில நேரம் விடாட்டி விழுங்கிரும்.

— காணும். நாலு போக நாலரை மிச்சம். நான் கதிரையில சாஞ்சி இருந்து கொட்டாவி விடலாம்.

— இவரு கொட்டாவி விடப் பழகுறாரு மனே. கண்ணாடிக்கு முன்னால.

— வாறது யாரெண்டு என்னண்டு தெரியும் அங்கிள்? மூணு பட்டன் இரிக்கி. எதை அமத்திற எண்டு?

— அது சிம்பிள். றெக்ஸ் குலைப்பான். குலைச்ச உடனே நான் சத்தத்தைக் குறைச்சிக் காலடியைக் கேப்பன்.

— றெக்ஸா? அவன் ரைகர் மனே. சென்றி வந்த பொறகு புலிட பேரை வெளிய நிண்டு கூப்பிட ஏலாமப் போச்சி. இவரு பேரை மாத்திட்டாரு, நாய்க்கு இன்னும் சொல்லல்ல. றெக்ஸ் எண்டா அது அடுத்த வீட்டைப் பாக்கும்.

— விசயம் என்னெண்டா தம்பி, ஒவ்வொரு ஆக்களுக்கும் ஒவ்வொரு சத்தம் இரிக்கி. சப்பாத்து எண்டா சென்றிக்காரனுகள். சிவப்பு. செருப்பு எண்டா பொடியனுகள். வாவியைத் தாண்டித் தோணியில வாறவனுகள், சேறு மிதிச்சி வாறவனுகள், செருப்பு, இல்லாட்டி வெறுங்கால். அவனுகள் வந்தா அவனுகட செய்தி ஓட வேணும். பச்சை. மோட்டச்சைக்கிள் எண்டா பொடியனுகளிட்ட இருந்து பிரிஞ்சி போனவனுகள். மஞ்சள்.

— மஞ்சளுக்குத்தான் முயல். அவனுகளுக்கெண்டு ஒரு சனல் இல்ல மனே. இந்தப் பக்கம் போட்டாலும் பிழை, அந்தப் பக்கம் போட்டாலும் பிழை.

— முயலைப் பாத்து எவன் கோவிப்பான் தம்பி?

— அவள் ஆடின ஆட்டத்துக்கு நானே கோவிச்சன்.

— இவ்வளவையும் ஆறு மாசம் யோசிச்சிப் போட்ட திட்டம் தம்பி. ஊரில வேற ஆரும் இப்பிடிச் செய்யல்ல. என்ன பாக்கிறாய்?

— ஒண்டுமில்ல. சப்பாத்து எண்டா சிவப்பு.

— ஓம். சிவப்பு.

— சொல்லிக் குடுத்து முடிஞ்சி. பாப்பம். பச்சையை அமத்தி டிஷ்ஷுக்குப் போங்க. சரி. இப்ப சிவப்பு.

— ஒண்டு, ரெண்டு, மூண்டு. வந்திட்டு. மந்திரி ரிப்பன் வெட்டுறாரு.

— மஞ்சள்.

— முயல். பாத்தியா மார்கிறட்?

— பாத்தன். அண்டைக்கும் இப்பிடித்தான் வந்த. மனே, நீ இஞ்சயே ஒரு பாயைப் போட்டுப் படு. நீ போனா இதுவும் போயிரும்.

— இருங்க. இது ஏன் சுடுது?

— எது?

— ரிமோட். பின்பக்கம். நான் வந்து கையில எடுக்கக்குள்ளயும் சுட்ட. உள்ளுக்குக் கரண்ட் குடுக்கிற பற்றி ரெண்டும் இன்னும் இளஞ்சூடா இரிக்கி அங்கிள்.

— அது இப்பதானே எடுத்துப் போட்ட.

— எங்க இருந்து?

— கூரையில இருந்து.

— கூரையில பற்றிக்கு என்ன வேலை?

— காய வெச்ச தம்பி. புதன்கிழமை லைட் கொஞ்சம் மங்கின மாதிரி இருந்த. ஓட்டுக்கு மேல ரெண்டு மணித்தியாலம் நல்ல வெயிலில வெச்சா பற்றிக்குப் பலம் வரும். நான் மண்டூர்த் தபால் கந்தோரில இருக்கக்குள்ள, சாமான் போக விடாத தடைக் காலம், ஒரு பற்றியைக் கொண்டு துறையைக் கடக்க ஏலா. பிடிச்சா உள்ளுக்குப் போட்டுருவானுகள். நாலே நாலு பற்றியைக் காய வெச்சிக் காய வெச்சி ரெண்டு வருசம் ரேடியோ கேட்ட ஆள் நான். ஊரே எங்கட வீட்டுக்குத்தான் செய்தி கேக்க வரும்.

— ஓட்டுக்கு மேல ஒரு பக்கம் கருவாடு, மற்றப் பக்கம் பற்றி. ஒரு நாள் காகம் பற்றியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டு. இவரு கருவாட்டை விட்டுட்டுக் காகத்துக்குப் பின்னால ஓடினாரு.

— எத்தின நாளாக் கழட்டுறீங்க அங்கிள்?

— புதனும் வியாழனும். இண்டைக்கும். பாவிக்காத நேரம் ஏன் அது சும்மா உள்ளுக்குக் கிடந்து பலத்தை விட? கழட்டி வைக்கிறதுதானே முறை.

— இந்த ரிமோட்டில பற்றியைக் கழட்டினா ரெண்டு நிமிசத்தில ஞாபகம் எல்லாம் போயிரும். மூணு நாளா நான் சொல்லிக் குடுத்ததைத்தான் நீங்க கருவாட்டோட காய வெச்சிரிக்கீங்க.

— கேட்டியா டொமினிக்? நாடு கெட்டதுக்கு இவனும் காரணம், அவனும் காரணம் எண்டு நீ சொல்லுவாய். ரிமோட் கெட்டதுக்கு நீதான் காரணம்.

— எனக்கு என்னண்டு தெரியும்? கடுதாசியில எழுதி அனுப்பல்லையே.

— பற்றி இப்ப சந்திக் கடையில கிடைக்கும் அங்கிள். முடிஞ்சா புதுசு போடுங்க.

— இண்டைக்குக் கிடைக்கும். நாளைக்கு?

— மூடியைத் தாங்க அங்கிள்.

— சொல்லு தம்பி. திரும்பவும் தடை வராது எண்டு சொல்லு. நான் இப்பவே கழட்டுறதை விடுறன்.

— பிளாஸ்ரர் இரிக்கா அன்ரி? காயத்துக்கு ஒட்டுறது.

— இரிக்கி. எதுக்கு?

— பற்றி மூடியைச் சுத்தி ஒட்டிவிடுறன். அங்கிள்ட கை போகாது.

— அப்பிடியே அவர்ட விரலுக்கும் ரெண்டு சுத்துச் சுத்திவிடு.

— அங்கிள், ஒண்டு கேக்கிறன். கோவிக்காதீங்க.

— கேளு.

— அந்தச் சனலைப் பாக்காம விட்டா என்ன? அரசாங்கச் செய்தியிலயே ரீவியை விட்டுட்டு இருந்தா சிவப்புத் தேவல்ல. இந்தப் பாடு ஒண்டும் தேவல்ல.

— விசயம் என்னெண்டா தம்பி...

— நீ இரு டொமினிக், நான் சொல்லுறன். எங்கட சின்னவள் றீற்றா பொடியனுகளோட வாவிக்கு அங்கால இரிக்காள் மனே. போய் அஞ்சி வருசம். உயிரோட இரிக்காளா எண்டு கேக்கிறதுக்கு எங்களுக்கு ஆளில்ல, போய்ப் பாக்கிறதுக்குப் பாதையில்ல. செய்தி முடியச் செத்த பிள்ளைகள்ட பேர் வாசிப்பானுகள். சொந்தப் பேர், தகப்பன்ட பேர், ஊர். எங்கட ஊர், நாவற்குடா எண்டு வாசிக்காட்டி ரீவியை நிப்பாட்டிட்டு நாங்க சாப்பிடுவம்.

— ஒவ்வொரு நாளுமா?

— ஒவ்வொரு நாளும். சிலநாள் ஊரை முதல் வாசிப்பாள். அண்டைக்கு இவரு கதிரையைப் பிடிச்ச பிடியில கதிரைக் கை ஆடுது, பாரு. அதையும் திருத்தத் தெரியுமெண்டா திருத்து.

— அவள்ட பேரைக் கேக்கக்குள்ள நான் இவளுக்குப் பக்கத்தில இரிக்க வேணும் தம்பி. அவ்வளவுதான். அதுக்கு முதல் என்னை ஆரும் கொண்டுபோகக் கூடாது. இவள் வாயாடிதான், எண்டாலும் தனியக் கேக்க ஏலா.

— ஏலும்.

— ஏலா மார்கிறட்.

— சரி, ஏலா. சுரூபத்தைத் திரும்ப மூலையில வை. கதைச்சிக்கிட்டே ஆறு மணியாக்கிட்டாய்.

— ஒட்டி முடிஞ்சி அங்கிள். இனிக் கழட்டாதீங்க. மங்கினா என்னைக் கூப்பிடுங்க, நான் வந்து மாத்துறன்.

— தம்பி, நான் கடைசியா ஒண்டு கேக்கிறன். இனிப் பிழைக்காதே?

— பிழைக்கா.

— சத்தியமா?

— எங்கட வீட்டிலயும் இதைத்தான் வெச்சிருந்தன். இந்த மூணு நிறம்தான். ஒரு நாளும் பிழைக்கல்ல.

— ஆ. நீயும் அப்பிடியா? நான் இவ்வளவு நேரமும் இதை நான் மட்டும்தான் கண்டுபிடிச்ச எண்டு நினைச்சிட்டன். கேட்டியா மார்கிறட், படிச்ச பொடியனும் என்னைப் போலதான் யோசிச்சிரிக்கான்.

— வெச்சிருந்தன் எண்டாய். இப்ப இல்லையா மனே?

— கழட்டிட்டன்.

— ஏன்?

— ரீவி பாக்க ஆளில்ல அன்ரி.

— மனே, உன்ட மனிசி...

— புஸ்பம். அவ சவூதிக்குப் போகல்ல. போன ஆடி மாசம். நான் கடையில, அவ வீட்டில தனிய. ஏழரை இரிக்கும். படலையில சப்பாத்துச் சத்தம் கேட்ட எண்டு பக்கத்து வீட்டு ஆக்கள் சொன்ன. அவவுக்கும் கேட்டிரிக்கி. சிவப்பை அமத்தியிரிக்கா. நான் வரக்குள்ள ரீவியில அரசாங்கச் செய்தி துப்புரவா ஓடிக்கிட்டு இருந்த. அவ அதுக்கு முன்னால நிலத்தில கிடந்தா. ரெண்டு வெடி.

— மாதாவே.

— எனக்கு விளங்கல்ல தம்பி. பட்டன் சரியாத்தானே வேலை செய்திரிக்கி?

— ஓம் அங்கிள். அண்டைக்குச் சப்பாத்துப் போட்டு வந்தது செருப்புக்கார ஆக்கள்.